எங்கை போறதெண்டு எங்களைக் கேட்டனீங்களோ?

விடிய மூன்று மணிக்கு வான் வந்து நிற்கும். அதற்கு முதலே அம்மா எழும்பி, முழுகி, புளிச்சாதம் கிண்டி, லஞ்ச் சீற்றில் சுற்றிக் கட்டி முடித்திருப்பா. அப்பா கேற்றடியில் நின்று டிரைவருக்கு மூன்றாவது தடவையாகக் கோல் எடுப்பார். அம்மம்மா எல்லாருக்கும் முதல் ஏறி நல்ல சீற்றைப் பிடித்துவிடுவா. எங்களை எழுப்புவது கடைசியில்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஏறினால் மிச்சம் இருக்கிற இடம் கடைசிச் சீற்று. ஒரு பக்கம் தண்ணிக் கான், மற்றப் பக்கம் வாழைக்குலை, காலுக்குக் கீழே சுருட்டின பாய். நடுவில் நாங்கள்.

பதின்மூன்று தொடக்கம் பதினெட்டு வரையான எங்கள் லீவுகள், போக முடிந்த லீவுகளைச் சொல்கிறோம், இந்தக் கே.டி.எச். வானின் கடைசிச் சீற்றில்தான் கழிந்தன. இப்போது இருபதைத் தாண்டிவிட்டோம். கம்பஸ் லீவில் வீட்டுக்குப் போனால் எங்களுக்கு நடுச்சீற்று தருகிறார்கள். பின்சீற்றில் இப்போது தம்பி இருக்கிறான், தங்கச்சி இருக்கிறாள். காதில் இயர்போன், தலை யன்னலில் சாய்ந்தபடி. முன்னாலிருந்து அதே குரல் வருகிறது: "இவ்வளவு காசு செலவழிச்சுக் கூட்டிக்கொண்டு போறம், இதுகள் போனை விட்டு நிமிருதுகளோ பார்."

இந்தக் குரலுக்குத்தான் நாங்கள் பதில் சொல்ல நினைக்கிறோம். எங்களுக்காக இல்லை, எங்களுடைய நேரம் போய்விட்டது. பின்சீற்றில் இருக்கிறவர்களுக்காக.

முதலில் அந்தப் பயணத்தையே எடுப்போம். நான்கு நாள். மடு, அனுராதபுரம், தம்புள்ளை, சிகிரியா, கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா, சீதா எலிய, கதிர்காமம், திரும்பி வரும்போது முன்னேஸ்வரம். பத்து இடம். யாழ்ப்பாணத்தில் இருந்து போய் வர ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஒருக்கால் கணக்குப் பார்த்தோம், நித்திரையைக் கழித்தால் மிச்ச நேரத்தில் பாதிக்கு மேல் வானுக்குள்தான் இருந்திருக்கிறோம். பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். நாங்கள் அதை நாற்பது நிமிடத்தில் பார்த்து முடித்தோம். பார்த்தோம் என்பதை விட, வாசலில் இருந்து கொஞ்சத் தூரம் நடந்துபோய், வரிசையாக நிற்கிற பனை இன மரங்களுக்கு முன்னால் எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு, "கெதியா வாங்கோ, நுவரெலியாவுக்கு இருட்ட முதல் போகோணும்" என்று ஓடினோம் என்று சொல்லலாம்.

சிகிரியாக் கதை இன்னும் விசேஷம். கனடாவில் இருந்து மாமா குடும்பம் வந்திருந்தது. ரிக்கற் கவுண்டரில் எங்களுக்கு உள்ளூர்க் காசு, அவர்களுக்கு 30 டொலருக்குக் குறையாத வெளிநாட்டுக் காசு. மாமா கணக்குப் பார்த்தார், அஞ்சு பேருக்கு அவ்வளவு டொலரா என்றார். அம்மம்மாவால் ஏறவும் ஏலாது. கடைசியில் "கீழ நிண்டே பார்த்திட்டுப் போவம், வடிவாத் தெரியுதுதானே" என்று முடிவு. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் உச்சியில் கட்டிய அரண்மனைக்கு ஏற 1200 படி. படிக்கட்டு ஏறக்கூடிய வயதில் அந்த வானில் இருந்தவர்கள் நான்கு பேர். நாங்கள் நான்கு பேரும் கீழே நின்று, குரங்குக்கு வாழைப்பழம் எறியாதே என்ற பேச்சை வாங்கிக்கொண்டு திரும்பினோம். கனடா மச்சாளும் ஏறவில்லை. அவளுக்கும் பதினாறு வயதுதான். வானில் ஏறியதும் அவளும் இயர்போனை எடுத்து மாட்டினாள். மொழி பெரிதாக விளங்காத இரண்டு பக்கமும் அன்றைக்கு ஒரே நொடியில் விளங்கிக்கொண்டோம்.

போன்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதை நாங்கள் முழுக்க மறுக்கவில்லை. எங்களுக்கும் தெரியும், ரிக்ரொக்கில் விழுந்தால் எழும்ப ஏலாது. ஆனால் வானில் மட்டும் நடப்பது வேறு. அந்தப் பயணத்தில் ஒரு பதினைந்து வயதுக்காரர் தீர்மானிக்கக் கூடியது என்று என்ன இருக்கிறது? எங்கே போவது, எப்போது வெளிக்கிடுவது, என்ன உடுப்பு, எங்கே சாப்பிடுவது, எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம் நிற்பது, படத்தில் யார் பக்கத்தில் நிற்பது, எல்லாம் முதலே முடிவாகிவிட்டது. கையில் மிச்சம் இருப்பது போன் ஒன்றுதான். அதில் அடுத்த பாட்டு எது என்பதையாவது அவன் தீர்மானிக்கிறான்.

சரி, எங்களைக் கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? இதை விடுதியில் ஒரு இரவு கதைத்தோம். உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். ஒன்றிரண்டு வீடுகளில் கேட்டும் இருக்கிறார்கள். "எங்கை போவம் பிள்ளை?" "எங்கையெண்டாலும்." "ஏன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" "ஒண்டுமில்லை." இதுதான் எங்களுடைய முழுப் பங்களிப்பு. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு நாலு நாள் முகத்தைத் தொங்கப் போட்டது எங்களுடைய பிழை. அதை ஒத்துக்கொள்ளாமல் பெற்றோரை மட்டும் குறை சொல்வது சரியில்லை.

ஆனால் கேட்கிற விதமும் ஒன்று இருக்கிறது. "எங்கை போவம்?" என்று வெறுமனே கேட்டால் பதில் வராது. எவ்வளவு காசு இருக்கிறது, எத்தனை நாள், யார் யார் வருகிறார்கள், யாரால் நடக்க ஏலாது என்று ஒன்றும் தெரியாத பிள்ளை என்ன சொல்லும்? மாலைதீவு என்று சொல்லும், அல்லது எங்கையெண்டாலும் என்று சொல்லும். எங்கள் வீடுகளில் காசுக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. சொன்னால் யோசிக்குங்கள், படிப்புக் குழம்பும் என்று. அதனால்தான் நாங்கள் ஆசைப்படவும் தெரியாமல், விட்டுக்கொடுக்கவும் தெரியாமல் வளர்ந்தோம். 2022ல் பெற்றோல் வரிசையில் அப்பாவோடு சேர்ந்து நின்ற பிள்ளைக்குக் காசின் அருமை தெரியாது என்று இன்னும் யாராவது நினைக்கிறார்களா?

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவன் சொன்னது எங்களை யோசிக்க வைத்தது. அவன் தன்னுடைய அப்பாவிடம் கேட்டிருக்கிறான், "நீங்கள் பதினைஞ்சு வயசில எங்கை ட்ரிப் போனனீங்கள்?" அப்பா சிரித்துவிட்டுச் சொன்னாராம்: "சாவகச்சேரிக்கு."

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன பயணம். அதுதான் அவருடைய பதினைந்து வயதுப் பயணம்.

அதைக் கேட்ட பிறகு வான் பயணத்தின் சட்டங்களைத் திரும்ப யோசித்துப் பார்த்தோம். எல்லாரும் ஒன்றாகத்தான் போகவேண்டும், ஒருத்தரும் தனியப் பிரிந்து போகக் கூடாது. நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ண வேண்டும். சாப்பாடும் தண்ணியும் வீட்டில் இருந்தே கொண்டுபோக வேண்டும், வழியில் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. பாய் வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். இருட்ட முதல் போய்ச் சேர வேண்டும். இது சுற்றுலாவின் சட்டமே இல்லை. இது வேறு ஒரு பயணத்தின் சட்டம். அவர்களுக்கு வேறு பயணம் தெரியாது. ரெயின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்ததே 2014 ஒக்ரோபரில். ஏ9 றோட்டு பூட்டிப் பூட்டித் திறந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, றோட்டுத் திறந்திருக்கிறபோதே பத்து இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் இருப்பதில் என்ன புதினம்?

எங்கள் அப்பா அம்மா எங்களுக்குத் தருவது அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று. அதனால்தான் நாங்கள் முகத்தைத் தொங்கப் போடும்போது அவர்களுக்கு அவ்வளவு நோகிறது. இது விளங்கிய பிறகும் எங்கள் கருத்து மாறவில்லை. எங்களுக்கு அந்தச் சட்டங்கள் தேவையில்லை என்பதும் உண்மைதானே. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை பேராதனைப் பூங்காவில் ஒரு மணித்தியாலம் தனியாக நடந்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வரும். அதைப் பழக்கிவிட வேண்டியதும் அவர்கள்தான்.

பெட்டையளின் கதை தனிக் கதை. இதை எங்களில் பெண்களாக இருக்கிறவர்கள் எழுதுகிறோம்.

கீரிமலைக்குப் போயிருப்பீர்கள். ஆண்களின் கேணி கடலைப் பார்த்தபடி திறந்து கிடக்கும். பெடியள் கரையில் இருந்து ஓடிவந்து குதிப்பார்கள். பெண்களுடையது சின்னது, சுவருக்குள். தம்பி குதிக்கிறதை மேலே நின்று பார்த்து, அவனுடைய துவாயையும் மணிக்கூட்டையும் வைத்திருந்ததுதான் எங்களுடைய கீரிமலை. கசூரினாவில் கடல் எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவுதான். சின்ன வயதில் அதற்குள் கிடந்து உருண்ட நாங்கள் வயதுக்கு வந்த பிறகு கரையில் சவுக்கு மரத்துக்குக் கீழே இருந்து பைகளுக்குக் காவல். "இறங்குங்கோ, ஆனா உடுப்பு நனையக் கூடாது" என்று ஒரு அனுமதி கிடைக்கும். அது எப்படி என்று இன்று வரை எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு, வான் பயணத்தில் நாங்கள் தண்ணி குடிப்பதில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஆண்கள் றோட்டுக்கரையில் இறங்கிவிட்டு வருவார்கள். நாங்கள் அடுத்த நல்ல கடை வரும்வரை, அல்லது அடுத்த கோயில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதனால் முதல் நாள் இரவில் இருந்தே குடிக்கிறதைக் குறைத்துவிடுவோம். தலையிடி வரும். "வெயில் குடிச்சிட்டுது" என்பார்கள்.

கோயில் பயணத்தில் அந்த மூன்று நாள் வந்துவிட்டால் இன்னும் மோசம். எல்லாரும் உள்ளே போக, நாங்கள் டிரைவரோடு வெளியில். வானில் இருக்கிற சித்தப்பா, மாமா, பெரியம்மாவின் மகன் எல்லாருக்கும் விசயம் தெரிந்துவிடும். எங்களில் ஒருத்தி பதினான்கு வயதில் கதிர்காமத்தில் அப்படி மூன்று மணித்தியாலம் வானுக்குள் இருந்தாள். அதற்குப் பிறகு ட்ரிப் என்றால் வகுப்பு இருக்கிறது, சோதனை இருக்கிறது என்று சாட்டுச் சொல்லி வீட்டிலேயே நின்றுவிடுவாள். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவள் நல்லாப் படிக்கிறவள், ஊர் சுத்துறதில விருப்பமில்லை."

ஆகவே, பிள்ளைக்குப் பிடித்த இடம் எது என்று தேடுகிற அம்மாமாருக்கு எங்கள் முதல் யோசனை மிகச் சாதாரணமானது. போகிற வழியில் ஒழுங்கான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலே பாருங்கள். ஒரு நாள் கோயில் என்றால் அடுத்த நாள் கோயில் இல்லாத நாளாக இருக்கட்டும். கடலுக்குப் போவதென்றால் நனைந்தால் பரவாயில்லாத உடுப்பும் மாற்றுடுப்பும் எடுத்துக்கொண்டு, "இறங்கு பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்களும் இறங்குங்கள். இதற்கு ஒரு ரூபாயும் தேவையில்லை.

இவ்வளவையும் நாங்கள் எங்களுடைய யாழ்ப்பாணத்து வான் கதையாகவே கதைத்துக்கொண்டிருந்தபோது, ஹட்டன் பக்கத்தில் இருந்து வந்து எங்களோடு படிக்கிற தோழி கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க எல்லாம் நுவரெலியா போற வழியில இறங்கி தேயிலைக்குள்ள நின்னு படம் புடிப்பீங்கல்ல, அது எங்க அம்மா கொழுந்து எடுக்கிற மாதிரி ஒரு மலை. எங்களுக்கு ட்ரிப்னா என்னான்னே தெரியாது. ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா அந்த நாள் சம்பளம் இல்ல."

பதினைந்து வயதில் அவளுக்கு இருந்த ஆசை கடல். மழையும் குளிரும் தேயிலையும் பார்த்துச் சலித்தவளுக்கு, கண்ணுக்கு எட்டும்வரை மட்டமாக இருக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று. இங்கே படிக்க வந்த பிறகுதான் கடலுக்குள் கால் வைத்தாள். நாங்கள் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டு போன கடல்.

எங்களுக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் போன்களில் இப்பவும் அந்தப் படங்கள் இருக்கின்றன. தேயிலைக்குள் நின்று, பின்னால் குனிந்து கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவும் தற்செயலாக விழுந்திருக்கிற படங்கள். குடும்பப் பயணத்தில் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் களிப்பும் மட்டும் வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பதினாறு வயதில் இந்த மாதிரிக் கேள்விகள் தலைக்குள் ஓடத் தொடங்கிவிடும். அந்தத் தோட்டத்தில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்து, அங்கே இருக்கிற ஒருவரோடு அரை மணித்தியாலம் கதைத்திருந்தால் அது நுவரெலியாவில் எடுத்த நூறு படத்தை விடக் கூட ஞாபகத்தில் நின்றிருக்கும். வானில் அதற்கு நேரம் இல்லை. அடுத்தது சீதா எலிய.

இனி, சரியாகப் போன ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குறை சொல்லிக்கொண்டே போகிறோம் என்பீர்கள்.

போன டிசம்பர் லீவில் எங்களில் ஒருத்தி வீட்டுக்குப் போய் ஒரு சண்டை பிடித்தாள். இந்த முறை எங்கே போவது என்று தம்பிதான் தீர்மானிக்க வேண்டும் என்று. தம்பி தரம் 10. "உவன் என்னத்தை அறிவான்?" என்றார் அப்பா. இரண்டு நாள் இழுபறிப்பட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நிபந்தனை: ஒரு நாள், நாலு பேர், 15,000 ரூபாய், வான் இல்லை. மிச்சக் காசு வந்தால் அவனுக்கு.

அந்த மிச்சக் காசு நல்ல வேலை செய்தது. முதலில் அவன் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம் என்றான். பஸ் காசையும் நேரத்தையும் பார்த்துவிட்டுத் தானே கைவிட்டான். அடுத்து நெடுந்தீவு. குறிகாட்டுவானில் இருந்து போட் ஒரு மணித்தியாலம், குதிரை, கோட்டை. அதுவும் நல்ல தெரிவுதான். ஆனால் அந்தக் கிழமை காற்று, கடல் கொந்தளிப்பு, அம்மாவுக்குச் சத்தி வரும். கடைசியில் மன்னார். ஏன் மன்னார் என்றால், "அங்க றோட்டில கழுதை திரியுமாம்."

விடிய பஸ். பூநகரிப் பாதை. சங்குப்பிட்டிப் பாலத்தில் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணி. மன்னார்த் தீவுக்குள் நுழைகிற பாலத்தடியில் பூநாரை பார்க்கலாம் என்று அவன் யூரியூப்பில் பார்த்து வைத்திருந்தான். டிசம்பர் தொடக்கம் அவை வருகிற காலம், வங்காலைப் பக்கம் முழுக்கப் பறவைகளின் சரணாலயம். பார்த்தார்கள். கன தூரத்தில் ஒரு வெளிறிய றோஸ் கோடு மாதிரித் தெரிந்ததாம். "உதுக்கோ இவ்வளவு தூரம்?" என்றார் அப்பா. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பஸ்ராண்டில் இறங்கியதும் ஒரு கழுதை அம்மாவின் பையை முகர்ந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது.

பள்ளிமுனையில் பெருக்கு மரம். அடி மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பல நூற்றாண்டுக்கு முதல் அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்கிறார்கள். நாலு பேரும் கையைக் கோர்த்துச் சுற்றிப் பார்த்தார்கள், பாதி கூடக் காணாது. பிறகு தலைமன்னார். பழைய இறங்குதுறைப் பக்கம் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில், காற்று, கடல். அங்கே நின்றுகொண்டுதான் அப்பா கதைக்கத் தொடங்கினாராம். கொழும்பில் ரெயின் ஏறி, இங்கே இறங்கிக் கப்பல் ஏறி, அந்தப் பக்கம் தனுஷ்கோடியில் திரும்ப ரெயின் ஏறிய காலம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அப்பப்பா அந்தக் கப்பலில் சிதம்பரம் போய் வந்தவர். திரும்பி வரும்போது என்ன வாங்கி வந்தார், யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று அப்பா சொல்லச் சொல்லத் தம்பி கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறான். போன் பொக்கற்றுக்குள்.

இதே அப்பா இதே மாதிரிக் கதைகளை வானின் முன்சீற்றில் இருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அப்போது அது "அறுவை". இப்போது தான் தெரிவு செய்த இடத்தைப் பற்றி அப்பாவுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்றதும் அவனுக்குப் பெருமை. எங்கள் வாதம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. மன்னார் என்ன, மண்டைதீவு என்ன, அவன் கொண்டுபோன இடம் என்பதால் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

திரும்பும்போது பஸ் தவறிவிட்டது. நேர அட்டவணையைத் தம்பி பிழையாகப் பார்த்திருந்தான். அடுத்ததற்கு ஒன்றரை மணித்தியாலம். வான் பயணமாக இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாலு ரோல்ஸ் வாங்கிவந்தார். தம்பியின் பையில் ஒரு காட்ஸ் கட்டு இருந்தது. பஸ்ராண்ட் வாங்கில் இருந்து நாலு பேரும் 304 விளையாடினார்கள். அம்மாவுக்கு 304 தெரியும் என்பதே அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியும் என்றால் சும்மா இல்லை, துரும்பை மறைத்து வைத்து இரண்டு தரம் அப்பாவைக் கவிழ்த்தாவாம். எங்கே பழகினீங்கள் என்று கேட்டதற்கு, "முகாமில இருக்கேக்க வேற என்ன வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி கேட்டா.

செலவு போக மிச்சம் 2,300 ரூபாய். ஒரு பகுதியைத் தம்பி திருப்பித் தந்தான் என்று அவள் சொல்கிறாள். எங்களுக்கு அதில் சந்தேகம்.

எல்லா வீட்டிலும் இது இப்படியே நடக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அம்மம்மா உள்ள வீட்டில் பஸ் சரிவராது. மட்டக்களப்புத் தோழன் சொன்னான், அவர்கள் வீட்டில் பாசிக்குடா பக்கத்தில்தான், ஆனால் ஹோட்டல்கள் வரிசையாக வந்த பிறகு சனம் இறங்குகிற கரை ஒரு துண்டுதான், லீவு நாளில் அங்கே கால் வைக்க இடமில்லை. அவனுடைய தங்கச்சி கேட்டது அதைவிடச் சின்னது: கல்லடிப் பாலத்தில் பின்னேரம் நடந்துபோய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வரவேண்டும், அண்ணாவோடு மட்டும், அம்மா அப்பா இல்லாமல். அதுவும் குடும்பப் பயணம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்க்கப் போவது, வல்லிபுரக் கோயிலுக்குப் போகிற நாளில் அப்படியே மணற்காட்டு மணல் மேட்டில் ஏறி உருள விடுவது, இதற்கெல்லாம் நாலு நாளும் வேண்டாம், வானும் வேண்டாம்.

பெரிய பயணம்தான் போவது என்றால், பத்து இடத்தை மூன்றாக்குங்கள். மூன்றில் ஒன்றைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அந்த ஒன்றில் அவர்கள் சிகிரியா ஏற வேண்டும் என்றால் நீங்கள் கீழே நிழலில் இருந்து பிளேன்ரீ குடியுங்கள், அவர்கள் ஏறிவிட்டு வரட்டும். வழியில் சிங்களத்தில் விலை கேட்பதை, ரிக்கற் எடுப்பதை, ரூம் பேசுவதை அவர்களிடம் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் இருந்து படிக்கிற சிங்களத்தை அவர்கள் வேறு எங்கே கதைப்பது? பிழை விடுவார்கள். பஸ்ஸும் தவறும்.

ஓ.எல் முடிய ஏ.எல், ஏ.எல் முடிய கம்பஸ், அல்லது லண்டன், கனடா. இடையில் எல்லாரும் ஒரு வீட்டில் இருந்து ஒன்றாக வெளிக்கிடக் கூடிய லீவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ரியூசன்காரர்களின் லீவு வகுப்பையும் கழித்துவிட்டு, ஒரு கை விரல் போதும். எங்களுக்கு இது நடுச்சீற்றுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

அந்த மன்னார் வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறார்கள். டிசம்பர் தம்பி, ஏப்ரல் அம்மா. அம்மாவிடம் எங்கே போவது என்று கேட்டபோது கனநேரம் யோசித்தாவாம். ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை போல. பிறகு சொன்னா: "கசூரினாவுக்குப் போவம். விடிய எழும்ப மாட்டன். சாப்பாடு கட்ட மாட்டன். தண்ணிக்குள்ள இறங்குவன்."

"உதுக்கு ஒரு லீவோ?" என்று தம்பி கத்துகிறான். அப்பா ஒன்றும் பேசாமல் முற்றத்துக்குப் போய் வான்காரனுக்குக் கோல் எடுத்திருக்கிறார். சண்டை இன்னும் முடியவில்லை.